ஒப்பிட எடுத்த நட்சத்திரம்

ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மங்கிப் பிரகாசிக்கும் நட்சத்திரம் அது. ஊரறிந்த விஷயம். அதற்கு மேல், ஒன்பது நாளுக்கு ஒருமுறை மெதுவாக ஏறி இறங்கும் இன்னொரு அலையும் இருப்பதை அவள் கண்டுபிடித்திருந்தாள். பல்கலைக்கழகத் தொலைநோக்கி எடுத்த நாற்பது இரவுப் படங்களை ஒற்றை ஆளாக அளந்து கண்டது. திங்கட்கிழமை ஆய்விதழுக்குக் கட்டுரை போகவேண்டும். முதல் பெயர் அவளுடையது. அது இருந்தால்தான் ஆராய்ச்சிப் படிப்புக்கு இருக்கும் ஒரே இடத்துக்கு விண்ணப்பிக்கவே முடியும்.

வெள்ளிக்கிழமை மதியம் கணினி அறையில் மீசை வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். முகத்தில் பூனைமுடிகூட முளைக்காத வகுப்புத் தோழனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? கட்டுரையில் பிழை பார்ப்பது அவன் வேலை. இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் கொட்டாவி விட்டான்.

"எதோட ஒப்பிட்டு அளந்தே?"

"பக்கத்து நட்சத்திரத்தோட. மாறாம இருக்கிறதைத்தானே எடுப்போம்?"

"அது மாறலேன்னு யாரு சொன்னா?"

இதற்கு ஒரு முறை உண்டு. பக்கத்து நட்சத்திரங்கள் இரண்டை எடுத்து, ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்க வேண்டும். அவளும் எடுத்தாள். முதல் வாரமே இரண்டும் ஒத்துப்போகவில்லை. மங்கலாக இருந்ததுதான் தகராறு பண்ணுகிறது என்று அதைக் கழித்துக்கட்டிவிட்டு, பளிச்சென்று இருந்ததை நம்பினாள். ஆளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் புத்தி வானம் வரைக்கும் போயிருக்கிறது.

கழித்ததை எடுத்து வைத்து மறுபடி கணக்குப் போட்டாள். அரை மணி நேரம் ஆயிற்று. அவளுடைய நட்சத்திரத்தில் ஒன்பது நாள் அலையே இல்லை. பளிச்சென்ற பக்கத்து நட்சத்திரம்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அது மாறும் என்று எந்தப் பட்டியலிலும் இல்லை. மீசை எப்போதோ டீ குடிக்கப் போய்விட்டான்.

அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியை, அவள் கொண்டுபோய்க் காட்டிய வரைபடங்களைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லவேளை, அனுப்பறதுக்கு முன்னாடி மாட்டிச்சு. இதுவும் புதுசுதான், இதையே எழுதிடலாம். முதல்ல சந்தேகப்பட்டது யாரு?"

அந்தப் பல்கலைக்கழகத் துறையில் ஒரு வழக்கம்: முதலில் சந்தேகப்பட்டவர் பெயர்தான் கட்டுரையில் முதலில் வரும். 'நான்' என்றால் தீர்ந்தது. படம் அவள் அளந்தது, கணக்கும் அவள் போட்டது. மீசைக்கு இன்னும் விஷயமே தெரியாது.

"மீசைதான் கேட்டான் மேடம்."

சொன்ன மறுநொடியே சொல்லித் தொலைத்தோமே என்று இருந்தது. பேராசிரியை அவன் பெயரை மேலே எழுதினார், அவளுடையதைக் கீழே.

தாழ்வாரத்தில் மீசை காகிதக் கோப்பையோடு எதிரே வந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஐயையோ, எனக்கா முதல் பேரு? மூணாம் பக்கம் படிக்கச் சோம்பலா இருந்துச்சு. பேச்சை மாத்தலாம்னுதான் கேட்டேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனை அறையலாம் போலவும் இருந்தது, அழலாம் போலவும் இருந்தது.

"ஆராய்ச்சிப் படிப்பு இடத்துக்கு விண்ணப்பம் போட்டுடு. கடைசி நாள் புதன்கிழமை," என்றாள்.

"எந்த இடம்?" என்று கேட்டான் அவன்.