பின்கேட்டுக்கு ஒரு பாராட்டுரை, ஒரு குறிப்பாணை

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் மேஜைக்கு வந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, இரண்டு கோப்புகளாக, ஒன்றின் மேல் ஒன்றாக.

நான் பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்தில் வரைவு எழுதுபவன். வரவேற்புரை, இரங்கல் தீர்மானம், எச்சரிக்கைக் கடிதம், எல்லாம் நான் எழுதுவேன், வேறு யாராவது கையெழுத்துப் போடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக என் எழுத்தை ஊரே படிக்கிறது. என்னைத்தான் யாருக்கும் தெரியாது. (இலக்கியத்தில் இது துயரம். அலுவலகத்தில் இதற்குப் பாதுகாப்பு என்று பெயர்.)

மேலே இருந்தது நீலக் கோப்பு. சமூகப் பங்களிப்புக்கான விருது, ஒரு பேராசிரியருக்கும் ஒரு மாணவிக்கும். நூற்றைம்பது சொற்களுக்கு மிகாமல் பாராட்டுரை தேவை.

கீழே மஞ்சள் கோப்பு. பின்கேட் காவலாளிக்குக் குறிப்பாணை. அனுமதியின்றி வெளியாட்களை வளாகத்துக்குள் விட்டதற்கு ஏழு நாளில் விளக்கம் கேட்க வேண்டும்.

பாராட்டுரையை முடித்துவிட்டு, டீ குடித்துவிட்டு, குறிப்பாணையில் பாதி வந்த பிறகுதான் கவனித்தேன். இரண்டும் ஒரே கேட். இரண்டிலும் ஒரே நோட்டின் ஜெராக்ஸ் இணைக்கப்பட்டிருந்தது. நீலத்தில் அதன் பெயர் 'பயனாளிகள் பதிவேடு'. மஞ்சளில் 'ஆதாரம் எண் 1'.

2

கதையின் தொடக்கத்துக்கு மூன்று முயற்சிகள் செய்தேன்.

'விடியலின் செம்மை அந்த எளிய மக்களின் தெருவில் மெல்லப் படர்ந்தபோது' (நிறுத்திவிட்டேன். அந்தத் தெருவை நான் பார்த்ததில்லை. என் ஜன்னலிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம்.)

'கல்வி என்பது நான்கு சுவர்களுக்குள் அடங்குவதல்ல' (இது பாராட்டுரையின் முதல் வரி. ஒன்பது வருஷமாக எல்லாப் பாராட்டுரைக்கும் இதுதான்.)

'ஒரு சுவர் இருந்தது.' இது பரவாயில்லை. இதிலிருந்தே போகலாம்.

ஒரு சுவர் இருந்தது. வளாகத்தின் பின்புறம், ரயில் பாதை வரைக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தெரு. வளாகத்தின் முன்கேட்டுக்கு எதிரே பெரிய ஆஸ்பத்திரி. தெருவிலிருந்து வளாகத்தின் ஊடே நடந்தால் ஆஸ்பத்திரிக்குப் பன்னிரண்டு நிமிஷம். சுற்றிக்கொண்டு, மேம்பாலம் ஏறி இறங்கிப் போனால் ஐம்பது. சுவரில் பின்கேட் என்று ஒன்று உண்டு. அதற்குப் பூட்டு உண்டு. பூட்டுக்கு ஒரு காவலாளி உண்டு. அவர் வேலை, பூட்டு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது.

3

அந்தத் தெரு எங்கள் பல்கலைக்கழகத்துக்குச் செல்லத் தெரு. எந்தத் துறைக்கு ஆய்வு தேவைப்பட்டாலும் மாணவர்கள் படிவத்தோடு அங்கேதான் போவார்கள். பக்கத்தில் இருக்கிறது, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். போன வருஷம் மட்டும் பதினான்கு துறைகள் போயிருக்கின்றன.

மூன்றாவது வீட்டில் ஒரு தையல்கார அம்மா இருக்கிறார். பதினான்கு படிவத்துக்கும் பதில் சொன்னவர். பதில்களை ஒரு தாளில் எழுதி மெஷினுக்கு மேலே ஒட்டி வைத்திருந்தார். யாராவது படிவத்தோடு வந்தால், தைப்பதை நிறுத்தாமல் கையை மட்டும் தாளின் பக்கம் காட்டுவார்.

பதினைந்தாவதாகப் போனவள்தான் புள்ளியியல் மாணவி. அவள் தாளைப் பார்த்து எழுதவில்லை. கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். தையல்காரம்மாவுக்கு எரிச்சல். பதினேழாவது கேள்வி: உங்கள் முதன்மைத் தேவை என்ன?

“அந்தக் கேட்டத் தொறக்கச் சொல்லு.”

படிவத்தில் நான்கு கட்டங்கள்தான் இருந்தன. குடிநீர், சாலை, தெருவிளக்கு, விழிப்புணர்வு. மாணவி கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, விழிப்புணர்வில் டிக் போட்டாள். இதை அவளே என்னிடம் சொன்னாள், வெட்கப்பட்டுக்கொண்டே.*

(* அவளை முதலில் இன்னும் தைரியசாலியாக எழுதியிருந்தேன். படிவத்தைக் கிழித்துப் போடுவதாக. அப்படி யாரும் கிழிப்பதில்லை. மதிப்பெண் இருக்கிறதே.)

ஆனால் உள்ளே ஒரு ஆள் படுத்திருப்பதை அவள் பார்த்துவிட்டாள். தையல்காரம்மாவின் கணவர், முன்னாள் லாரி டிரைவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அந்த நேரத்தில் வாடகை வண்டி எதுவும் அந்தத் தெருவுக்குள் வராது. சக்கர நாற்காலியை மேம்பாலத்தில் ஏற்றி இறக்க ஒரு மணி நேரம். தாமதமானால் அந்த அளவுக்கு மெஷின் நேரம் குறையும். அடுத்த ஆள் காத்துக்கொண்டிருப்பார். ரத்தத்தில் மிச்சமிருப்பது மிச்சமிருக்கும்.

புதன்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு மாணவி விடுதியிலிருந்து நேராகப் பின்கேட்டுக்குப் போனாள். கம்பிக்கு அந்தப் பக்கம், அவள் வரச் சொல்லியிருந்தபடி, தையல்காரம்மா, நாற்காலி, அதில் போர்வை போர்த்திய ஆள்.

காவலாளி, ஆர்டர் இல்லாமல் திறக்க முடியாது என்றார். மாணவி வாதாடவில்லை. தனக்கும் அது தெரியும் என்றாள். காவலாளி கம்பி வழியாக நாற்காலிக்காரரின் கால்களைப் பார்த்தார். வீங்கி, செருப்பு நுழையாமல் இருந்தன.

“மெஷின் எத்தன மணிக்கு?”

“ஆறு.”

அவர் சாவியை எடுத்தார்.

திறந்தவர் விதியை முழுசாக மறக்கவில்லை. உள்ளே வருபவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. நோட்டை நீட்டினார். அதுதான் வினை. பதினோரு வாரம் அந்த நோட்டு எழுதப்பட்டது. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் மூன்று பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். பிறகு முன்கேட்டில் பஸ் பிடிக்கும் இரண்டு கொத்தனார்கள். மொத்தம் ஏழு பேர். ஆறரைக்கெல்லாம் கேட் மறுபடி பூட்டப்படும். வளாகத்தில் ஒரு செடி கூட வாடவில்லை.

4

இப்போது பேராசிரியர். இவர் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

மாணவர்கள் அவரை 'முன்னெடுப்பு' என்று கூப்பிடுவார்கள். அந்தச் சொல் இல்லாமல் அவரால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது. கேண்டீனில் வடைக்கு வரிசையில் நிற்பதும் அவருக்கு ஒரு முன்னெடுப்புதான். இப்படி ஒருவரை வில்லனாக்குவது மிகச் சுலபம். அதனாலேயே கை தயங்குகிறது.

நியாயமாகச் சொன்னால், மாணவி விஷயத்தைச் சொன்னபோது அவர் கண் கலங்கியிருக்கிறார். அது நிஜம், அவள் பார்த்திருக்கிறாள். கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் செய்த முதல் காரியம், அதற்கு ஒரு பெயர் வைத்தது. 'கதவுகள் திறக்கட்டும்.' இரண்டாவது, பேனர்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பேனரோடும் புகைப்படக்காரரோடும் வந்தார். திறந்த கேட்டின் முன்னால் நின்றார். நாற்காலியை முன்னால் நிறுத்தச் சொன்னார். காவலாளியைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். சீருடை படத்தில் அதிகார வாடை அடிக்குமாம். காவலாளி கொடிக்கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றார். படம் சரியாக அமையும்வரை நாற்காலிக்காரர் வெயிலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மெஷினுக்குப் பதினெட்டு நிமிஷம் தாமதம்.

படம் பல்கலைக்கழக இணையதளத்தில் வந்தது. துணைவேந்தர் பார்த்தார், நெகிழ்ந்தார். நீலக் கோப்பு பிறந்தது. பாதுகாப்பு அதிகாரி பார்த்தார். அவர் கண்ணுக்கு நாற்காலியும் தெரியவில்லை, பேனரும் தெரியவில்லை. பூட்டு இல்லாத கேட்தான் தெரிந்தது. மஞ்சள் கோப்பு பிறந்தது. அன்று மாலையே புதுப் பூட்டு. சாவி பாதுகாப்பு அதிகாரியின் மேஜைக்குப் போனது.

ஆக, கேட்டைத் திறந்ததற்காக விருது வழங்கும் நாளில் கேட் பூட்டியிருந்தது. இதை நான் கற்பனை செய்திருந்தால் மிகை என்று நானே அடித்திருப்பேன்.

5

நான் சும்மா இருக்கவில்லை என்பதைச் சொல்லிக்கொள்கிறேன். இரண்டு கோப்பையும் எடுத்துக்கொண்டு பதிவாளர் அறைக்குப் போனேன். சார், இது ரெண்டும் ஒரே சம்பவம் என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் பார்த்தார். எதிலும் முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் படிப்பது அவர் வழக்கம்.

“ரெண்டும் வேற வேற செக்‌ஷன்” என்றார்.

வெளியே மாணவி காத்திருந்தாள். பாராட்டுரையில் காவலாளியைச் சேர்க்க முடியுமா என்று கேட்க வந்திருந்தாள். விண்ணப்பத்தில் இரண்டு பத்திதான் இருக்கிறது, ஆசிரியர், மாணவர் என்று விளக்கினேன். விளக்கும்போதே எனக்கு உறைத்தது, நான் விழிப்புணர்வில் டிக் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

“சார், நான் கேட்டேன். அவ்ளோதான். கேட்டத் தொறந்தது அவர்.”

(சிலேடை என்னுடையதல்ல. அவளும் வேண்டுமென்று செய்யவில்லை.)

காவலாளிக்கு ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம். ஒப்பந்த வேலை. குறிப்பாணைக்குப் பிறகு வழக்கமாக வரும் கடிதம் எது என்று எனக்குத் தெரியும். அதையும் நான்தான் எழுதுவேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் பள்ளி நூலகர். நான் எழுதும் எதையும் படித்துவிட்டு, எந்த அலமாரியில் வைப்பது என்று யோசிப்பவள். துவைத்த துணியை மடித்துக்கொண்டே இரண்டு வரைவையும் படித்தாள்.

“ஏங்க, ரெண்டுல இந்த மஞ்சக் கோப்புல இருக்கறதுதான் நல்ல தமிழ். என்ன நடந்துச்சுன்னு புரியுது.”

6

என் கதைகளில் நான் எதுவும் செய்வதில்லை, பார்த்துக்கொண்டிருப்பேன். இதில் ஒன்று செய்தேன். எழுதும்போது இரண்டு முறை எழுந்துபோய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன். நாற்பத்தெட்டு வயதுக்குக் கேவலம்தான்.

பாராட்டுரையின் முதல் வரியைத் தொடவில்லை. கடைசி வரியையும் தொடவில்லை. நடுவில் இருந்த 'விளிம்புநிலை', 'ஒருங்கிணைப்பு', 'முன்னெடுப்பு' எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, குறிப்பாணையின் குற்றச்சாட்டுப் பத்தியை அப்படியே வைத்தேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. பதிவாளர் கையெழுத்துப் போட்டார்.

விழா அரங்கில் தொகுப்பாளினி அதைத் தேன் சொட்டும் குரலில் படித்தார்:

“கல்வி என்பது நான்கு சுவர்களுக்குள் அடங்குவதல்ல. பின்கேட் காவலாளி, எவரது அனுமதியும் பெறாமல், பதினோரு வாரங்களாக, காலை ஐந்து நாற்பது மணிக்குத் தன் பொறுப்பிலிருந்த பூட்டைத் திறந்து, சிறுநீரக நோயாளி ஒருவர் உட்பட வெளியாட்கள் ஏழு பேரை, மேற்படி மாணவியின் வேண்டுகோளின் பேரில், வளாகத்துக்குள் தொடர்ந்து அனுமதித்து வந்துள்ளார். இத்தகையோரால் இப்பல்கலைக்கழகம் பெருமை கொள்கிறது.”

கைத்தட்டல். பாராட்டுரை என்றால் தட்ட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். துணைவேந்தர் தட்டினார். பேராசிரியர் மேடையேறிக்கொண்டே தட்டினார், பாதிப் படியில் அவர் கை மெதுவானது. பாதுகாப்பு அதிகாரி இரண்டு தட்டு தட்டிவிட்டு நிறுத்தினார். அந்த இரண்டு எனக்குப் போதும்.

மாணவி கேடயத்தை வாங்கிக்கொண்டு இறங்கினாள். மைக்கைப் பிடுங்கிப் பேசவில்லை. காவலாளியைத் தேடிப்போய்க் கேடயத்தை அவர் கையில் கொடுக்கவும் இல்லை. (அப்படி ஒரு முடிவை எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்கு அன்று வேலை வண்டி நிறுத்துமிடத்தில். உள்ளே என்ன நடந்தது என்று தெரியாமல் கார்களைப் பின்னால் எடுக்க விசில் ஊதிக்கொண்டிருந்தார்.)

7

மறுநாள் பதிவாளர் என்னைக் கூப்பிட்டார். இந்த வரி எப்படி வந்தது என்றார். கோப்பிலிருந்து வந்தது சார் என்றேன். எந்தக் கோப்பு என்றார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“இனிமே அவர் மேல நடவடிக்கை எடுத்தா, வி.சி. கைத்தட்டுனது என்னாகும்?”

“அதுதான் சார் எனக்கும் புரியல.”

காவலாளி தன் விளக்கக் கடிதத்தோடு பாராட்டுரையின் நகலை இணைத்துவிட்டார். அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். இணைப்புகளைக் குண்டூசியால் குத்தியவன் என்ற முறையில் எனக்குத் தெரியாது. நீலக் கோப்பும் மஞ்சள் கோப்பும் ஒன்றாகக் கட்டப்பட்டுவிட்டன. மூன்று பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. குழுவின் தலைவர் பேராசிரியர். கேட்டைப் பற்றி அவரைவிட அறிந்தவர் யார்?

இதற்கிடையே ஒரு புதன்கிழமை, இவ்வளவு எழுதியும் பார்க்காத தெருவைப் பார்க்கப் போனேன். காலை ஐந்து மணி. தையல்காரம்மா நாற்காலியை வாசல்படியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். என் சட்டையைப் பார்த்து முடிவு செய்துவிட்டார்.

“எந்தத் துறை? பேப்பர் இருந்தா உள்ள மெஷின் மேல ஒட்டியிருக்கு, பாத்து எழுதிக்கங்க. எங்களுக்கு நேரமாச்சு.”

பேப்பர் இல்லை என்றேன். நாற்காலியின் ஒரு பிடியை வாங்கிக்கொண்டேன். மேம்பாலத்தின் ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. நாற்காலியிலிருந்த டிரைவர் திரும்பிப் பார்த்து, கியரைக் குறைக்கச் சொன்னார். மூன்று பேரும் சிரித்தோம். அவர் சிரிப்பு இருமலில் முடிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நேரம் ஆறு ஏழு. ஏழு நிமிஷம் போயிற்று.

8

குழு வெள்ளிக்கிழமை கூடுகிறது. தீர்மானத்தை முன்கூட்டியே தயாராக வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. அப்படிப்பட்ட நேரங்களில் நாங்கள் இரண்டையும் எழுதி வைத்துவிடுவோம்.

இந்தக் கதைக்கு முடிவு எழுதும் அதிகாரம் எனக்கு இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் நான் எழுதிய எதிலும் என் கையெழுத்து இருந்ததில்லை. உங்களிடம் ஒரு பேனா இருக்கும். கீழே இருப்பதுதான் வரைவு.

'தீர்மானம்: பின்கேட் திங்கள், புதன், வெள்ளி காலை 5.40 மணிக்குத் திறக்கப்படும் / திறக்கப்படாது. காவலாளி பணியில் தொடர்வார் / தொடரமாட்டார்.

(பொருந்தாததை அடித்துவிடவும்.)'