செவ்வந்திக்கு என்ன கொடுப்பது?

கொடுப்பதற்கு இங்கிலீஷில் எத்தனை சொல் இருக்கிறது என்று அம்ரீனிடம் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் நின்ற இடத்திலேயே பாடம் தொடங்கிவிடும். கீழக்கரையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எடுக்கிறவள். அந்த ஒரு பாடத்தில் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. போர்டில் ஒரு மாடிப்படி வரைவாள். மேல்படியில் இருப்பவர் கீழ்ப்படியில் இருப்பவருக்குக் கொடுத்தால் கிராண்ட். அதைவிட உயரத்தில், ராஜா மாதிரி ஒருவர் மனமிரங்கிக் கொடுத்தால் பெஸ்டோ. மேடை போட்டு, போட்டோவுக்குச் சிரித்தபடி கொடுத்தால் பிரசெண்ட். எதிராளி வேண்டாம் என்று சொல்ல இடம் விட்டு நீட்டினால் ஆஃபர். செய்த காரியத்தை மெச்சிக் கொடுத்தால் ரிவார்ட். யார் கைக்குப் போய்ச் சேரும் என்று பார்க்காமல் பொதுவில் கொடுத்தால் டொனேட்.

"மிஸ், நீங்க ஹோம்ஒர்க் குடுக்கிறது எந்தப் படி?" என்று கடைசி பெஞ்சு அஃப்ரித் ஒருநாள் கேட்டான்.

"அது எந்தப் படியிலயும் வராது. அதுக்குப் பேரு தலையில கட்டுறது" என்றாள். வகுப்பே சிரித்தது.

இப்படி ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பிட்டுப் பிட்டு வைத்தவளுக்கு, தன் வீட்டுக்கென்று ஒரு கொடுப்பினை வந்தபோது அதை எந்தப் படியில் வைப்பதென்று தெரியாமல் போய்விட்டது.

எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே வலி வந்து, ராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில் இஃப்ரா பிறந்தாள். உள்ளங்கை இரண்டைச் சேர்த்தால் அடங்கிவிடுகிற பிள்ளை. பிள்ளையின் வாப்பா, அம்ரீனின் கணவன் சதக், துபாயில் இருந்தான், லீவு கிடைக்கவில்லை. அம்ரீனோடு அவளுடைய உம்மா உம்மு ஹபீபா மட்டும்தான். அம்ரீனுக்குப் பால் ஊறவில்லை. அழுது பார்த்தாள், துஆ கேட்டாள், உம்மா கொண்டுவந்த பூண்டுக் கஞ்சியை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். ஒரு சொட்டும் இல்லை. இந்த எடைக்குத் தாய்ப்பால் தவிர வேறு எதுவும் குடலுக்கு ஆகாது, ஆஸ்பத்திரியின் தாய்ப்பால் வங்கியிலிருந்து கொடுத்துவிடலாம் என்றார் டாக்டர். வார்டு சுவரில் அதற்கொரு போஸ்டரும் ஒட்டியிருந்தது. டொனேட் என்று கொட்டை எழுத்தில்.

நர்ஸ் ஜெயசுதா பால் புகட்டும் பாலாடையைக் கழுவி, வங்கிப் பாலோடு வந்தபோதுதான் உம்மா குறுக்கே நின்றாள்.

"இது யாரு பாலும்மா?"

"அதச் சொல்லக் கூடாதும்மா, ரூல்ஸ். டெஸ்ட் பண்ணி சுத்தமா வச்சிருக்கோம், பயப்படாதீக."

"சுத்தத்தப் பத்தி நான் கேக்கல. யாருன்னு கேக்குறேன்."

ஜெயசுதாவின் முகம் சுருங்கியது. "பாலுக்கு ஏதும்மா சாதியும் மதமும்?"

"அடி இவளே! அதையா நான் கேட்டேன்?" உம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க மார்க்கத்துல பசி தீரப் பால் குடுத்தவ பிள்ளைக்கு உம்மா ஆயிருவா. அவ பெத்ததெல்லாம் இதுக்குக் கூடப்பிறந்ததாயிரும். பேரே தெரியாம என் பேத்திக்கு ஒரு உம்மாவ எப்படி வைக்கிறது? நாளைக்கு இவ யாரு பேரச் சொல்லி துஆ செய்வா?"

"உம்மா, பிள்ளை பசியாக் கெடக்கு!" என்று அம்ரீன் கட்டிலில் இருந்து கத்தினாள். அந்த நேரத்தில் உம்மாவைப் பிடித்துத் தள்ளிவிடலாம் போலிருந்தது.

அப்போதுதான் பக்கத்துக் கட்டிலில் இருந்து குரல் வந்தது.

"நாந்தேன் சிஸ்டர், காலையில பீச்சிக் குடுத்தது. பேரு சொன்னா என்ன இப்ப? எம்பேரு செவ்வந்தி. முதுகுளத்தூர்ப் பக்கம். எம்பய இந்தா நீல லைட்டுக்கடியில கெடக்கான். மஞ்சக்காமால. குடிச்சது போக எனக்கு மாரு கட்டிக்கிட்டு வலிக்குது. இந்தப் புள்ளைக்கே குடுங்க, புண்ணியமாப் போகும்."

ஜெயசுதா டாக்டரிடம் ஓடினாள். சோதனை எல்லாம் ஏற்கனவே பார்த்தாயிற்று, செவ்வந்தியின் பாலையே இஃப்ராவுக்குத் தனியாக எடுத்து வைக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாலாடையின் மூக்கு அந்தச் சின்ன உதட்டில் பட்டதும் இஃப்ரா சப்புக் கொட்டினாள். அம்ரீன் வாய்விட்டு அழுதாள்.

அதற்கப்புறம் அந்த வார்டில் இரண்டு கட்டிலுக்கு நடுவே இருந்த திரையை யாரும் இழுக்கவே இல்லை. செவ்வந்தியின் கணவன் காளிராஜ் ஆடுகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்துப் போவான். உம்மா கொண்டுவரும் கஞ்சியில் செவ்வந்திக்கும் ஒரு பங்கு உண்டு. பால் உறவு என்றால் என்ன என்று உம்மா அவளுக்கு விளக்கமாகச் சொன்னாள்.

"அப்ப எம்பயலுக்கு இவளக் கட்ட முடியாதா? ரெண்டையும் சேத்து வச்சு சம்பந்தம் பேசலாம்னு பாத்தேன், கெட்டுச்சு போ!" என்று செவ்வந்தி வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மகனிடம் குனிந்து, "ஏலே, தங்கச்சி வந்துட்டாடா. இனி அண்ணங்காரனா ஒழுங்கா இரு" என்றாள்.

இஃப்ராவின் கன்னத்தில் சதை பிடித்தது. அம்ரீனுக்கும் மெல்லப் பால் ஊறத் தொடங்கியது. செவ்வந்தியின் மகனுக்கு உடம்பு தேறி, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். சதக் போனில் சொன்னான்: "அந்தப் பொண்ண நல்லா கவனிச்சு அனுப்பு. சும்மா அனுப்பிராத."

அம்ரீனுக்கும் அதே தவிப்புதான். என்ன கொடுத்தாலும் தகும் என்று மனம் பரபரத்தது. விரலில் இருந்த கல்யாண மோதிரத்தைக் கழற்றி, மூட்டை கட்டிக்கொண்டிருந்த செவ்வந்தியின் கையில் திணித்தாள்.

"என் பிள்ளை உயிரக் காப்பாத்துனதுக்கு இத வச்சுக்கங்க."

செவ்வந்தியின் முகத்தில் அதுவரை இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. மோதிரத்தைக் கட்டில் மேல் வைத்தாள்.

"என்னக்கா, பாலுக்குக் கூலியா?"

அவ்வளவுதான். மகனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, இஃப்ரா கிடந்த பெட்டியின் கண்ணாடி வழியாக அவளை ஒரு முறை பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அம்ரீனுக்குச் செருப்பால் அடித்த மாதிரி ஆகிவிட்டது. ஆனால் குற்றம் தன் பக்கம்தான் என்றும் தெரிந்தது. மகளோடு கீழக்கரைக்கு வந்த பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் போர்டில் வரைந்த படியில் ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பார்த்தாள். ரிவார்ட் என்றால் தான் முதலாளி, செவ்வந்தி வேலைக்காரி. கிராண்ட், பெஸ்டோ என்றால் தான் மாடியில், அவள் வாசலில். டொனேட் என்று செவ்வந்தி கொடுத்ததைச் சொல்லலாம் என்றால், அதில் முகமே தேவையில்லை. ஆனால் செவ்வந்தி பெயரைச் சொல்லி, இந்தப் பிள்ளைக்கே என்று சொல்லியல்லவா கொடுத்தாள்? எந்தச் சொல்லை எடுத்தாலும் ஒருத்தி மேலே, ஒருத்தி கீழே. நன்றி நெஞ்சு நிறைய இருந்தது. அதை வாங்கிக்கொள்ள ஆள்தான் இல்லை.

பிள்ளை பெற்ற நாற்பதாம் நாள் வருகிற நாற்பதுக் குளிப்பு நெருங்கியபோது உம்மாவே காளிராஜுக்குப் போன் போட்டாள். "தம்பி, எங்க வீட்ல விசேஷம். இஃப்ராட உம்மா இல்லாம எப்படி? அனுப்பி வைங்க."

வருவாளா என்று அம்ரீன் காலையில் இருந்து வாசலைப் பார்த்தபடி இருந்தாள். வீடு நிறைய சொந்தக்காரப் பெண்கள். மதியத்து லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்த வேளையில் செவ்வந்தி வந்தாள். இடுப்பில் மகன், கையில் ஒரு மஞ்சப்பை நிறையக் குண்டு மிளகாய். வெயிலில் முகம் கன்றியிருந்தது. உள்ளே இருந்த பட்டுச் சேலைகளையும் சோபாக்களையும் பார்த்துவிட்டு வாசல் நிலையோரமாகவே நின்றுகொண்டாள்.

பெரியம்மா ஒருத்திக்கு அவள் யாரென்று தெரியாது. விசேஷ வீடுகளுக்கு உதவி கேட்டு வருகிறவர்களில் ஒருத்தி என்று நினைத்து, ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தின் மேல் சேலையை வைத்து வாசலிலேயே நீட்டினாள். "இந்தாம்மா, வாங்கிட்டுப் போ."

உள்ளறையில் இருந்து வந்த அம்ரீன் அதைப் பார்த்தாள். செவ்வந்தியின் முகத்தில் ஆஸ்பத்திரியில் கண்ட அதே இருட்டு. இன்றைக்கும் போய்விட்டால் இனி வரவே மாட்டாள்.

"பெரியம்மா, அத உள்ள வைங்க! இவுக இஃப்ராட பால் உம்மா!"

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். உம்மு ஹபீபா அதற்குள் அறைக்குப் போய், தான் வெளியே போகும்போது போர்த்துகிற வெள்ளைத் துப்பட்டியை எடுத்துவந்து கூடத்தின் நடுவே விரித்தாள்.

"வா புள்ள, இதுல உக்காரு."

"ஐயோ, வெள்ளத் துணி. எங்காலெல்லாம் புழுதி."

"புழுதி படட்டும். எங்க நபிநாயகம் தனக்குப் பால் குடுத்த ஹலீமா அம்மா வந்தப்ப மேல கெடந்த போர்வைய எடுத்து விரிச்சு உக்கார வச்சாக. நாங்க எம்மாத்திரம்? உக்காரு."

செவ்வந்தி சுற்றிலும் பார்த்தாள். பிறகு செருப்பை விட்டுவிட்டு, கூச்சத்தோடு வந்து நடுவில் உட்கார்ந்தாள். பெரியம்மாவே ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அம்ரீன் இஃப்ராவை அவள் மடியில் வைத்தாள். "யாத்தே, என்னமா ஊதிட்டா எம்மவ!" என்று செவ்வந்தி பிள்ளையின் நெற்றியோடு நெற்றியை வைத்துக்கொண்டாள். கண்ணீரைத் துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை. கோபம் எங்கே போனதென்று யாரும் கேட்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் அம்ரீன் கைக்கு மாறியிருந்த பயல் வீறிட்டு அழ ஆரம்பித்தான். பஸ்ஸில் வந்த பசி. செவ்வந்தி பதறி எழப் பார்த்தாள். அவள் மடியில் இஃப்ரா அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள்.

"நீங்க இருங்க" என்றாள் அம்ரீன். மோதிரத்தை நீட்டியபோது இல்லாத பயம் இப்போது இருந்தது. "நான் குடுக்கவா?"

செவ்வந்தி அவளை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடியும் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று அம்ரீன் பயலைத் தோளில் தட்டியபடி அவள் முகத்தையே பார்த்தாள்.

"இதக் கேக்கணுமாக்கா?"

அம்ரீன் அவளை ஒட்டினாற்போல் அதே துப்பட்டியில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு பயலை மார்பில் சேர்த்தாள். அவன் ஒரு நொடி முகத்தை இங்குமங்கும் திருப்பினான். பிறகு பிடித்துக்கொண்டான். பிடித்த வேகத்தில் புரையேறி இருமினான். செவ்வந்தி கையை நீட்டி அவன் உச்சியில் மெல்லத் தட்டினாள்.

"மெல்லடா ஏலே, மெல்ல. அதுவும் ஒங்காத்தாதேன். எங்கயும் ஓடிப் போயிர மாட்டா."