வசனமில்லாத பத்துப் பக்கங்கள்

சுழியனின் நாலாவது இதழ் கடைகளுக்குப் போன அன்றே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் என்றால் சும்மா கோபமில்லை. மருந்து வாங்க வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன்.

சுழியனை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிய சாரன், நெஞ்சிலே நீர்ச்சுழி அடையாளம். கையை ஒரு சுற்றுச் சுற்றினால் ஆற்றுத் தண்ணீர் எழுந்து நிற்கும். மட்டக்களப்பு வாவிக்கென்று ஒரு சாகச வீரன் இல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய குறை என்று யோசித்து, அவனை உண்டாக்கியவன் நான். கேதீசன். களுவாஞ்சிக்குடியில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறேன். கதையும் வசனமும் என்னுடையவை. படம் கீறுகிறவள் துசாந்தினி. அவள் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், மண்டூரில் இருக்கிறாள். அவள் கீறித் தரும் தாள்களை அப்படியே கொண்டுபோய்ப் போட்டோகொப்பி அடித்து, கம்பி குத்திப் புத்தகமாக்குவேன். கணினியில் ஏற்றும் வசதியெல்லாம் எங்களிடம் இல்லை. கொப்பியிலிருந்து கொப்பி எடுத்தால் அவளுடைய தண்ணீரெல்லாம் சேறாகிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் மூலத்தாள்தான். அடித்து முடிந்ததும் அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

நாலாவது இதழுக்கு நான் எழுதிக்கொடுத்தது வெள்ளக் கதை. பரணில் ஏறித் தவிக்கும் ஒரு குடும்பம், அவர்களைக் காப்பாற்ற வரும் சுழியன், இடையிலே நெருப்பாக வசனங்கள். அவள் கொண்டுவந்து தந்ததோ வேறு. நடுவிலே பத்துப் பக்கம் ஒரு சொல்லும் கிடையாது. பக்கத்துக்கு ஒரு படம். அதே வீடு, அதே வேலி, பின்னால் அதே வட்டை, எங்கள் பக்கத்து வயல்வெளி. வயல் முழுக்க வெள்ளம். பக்கத்துக்குப் பக்கம் தண்ணீர் கொஞ்சம் ஏறுகிறது, அவ்வளவுதான். கவனமில்லாமல் மேல் மூலையில் மையும் சிந்தியிருந்தாள். அடிக்கக் கொடுத்த நாள் வந்துவிட்டதால் திட்டிக்கொண்டே அடித்தேன்.

வாசகர்களுக்கென்று நாங்கள் வைத்திருந்த வட்ஸ்அப் குழுவில் ஒருவரும் சும்மா விடவில்லை. "ஒரே தாளைப் பத்துத் தரம் அடிச்சிட்டீங்களா, அண்ணன்?" என்று ஒருவர் எழுதினார். "சுழியன் நித்திரையா?" என்று இன்னொருவர். காத்தான்குடியிலிருந்து றிஸான் குரல்பதிவே அனுப்பியிருந்தார். "படம் சோக்கு. ஆனா கதை நகருதில்ல. சண்டை எப்ப வரும், எப்ப வரும் எண்டு பாத்து என்ட தேத்தண்ணி ஆறிப்போச்சு." அதற்குக் கீழே சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அந்த முகங்களைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கண்மண் தெரியவில்லை.

முதல் அடிப்பு முடிந்து இரண்டாவது அடிக்க வேண்டியிருந்தது. துசாந்தினிக்குச் செய்தி அனுப்பினேன். பத்துப் பக்கத்துக்கும் வசனம் அனுப்புகிறேன், மூலத்தாளிலேயே பலூன் போட்டு எழுது, மேல் மூலையில் மை சிந்தியிருக்கிற இடத்தை மறைத்துப் போட்டால் அதுவும் போய்விடும். ஏலாது என்றால் சொல், ஐந்தாவது இதழுக்கு வேறு ஆளைப் பார்க்கிறேன். அப்படியே எழுதினேன், ஒரு எழுத்துக் கூட்டிச் சொல்லவில்லை. அவளிடமிருந்து ஒரே ஒரு பதில் வந்தது. "ஓம்."

அடுத்த நாள் காலையில் தாள்களை வாங்கிவரக் குருமண்வெளித் துறைக்குப் போனேன். ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு அக்கரை போகும் மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்போம். பாதையில் ஏறி ஓரமாக நின்றேன். எனக்கு முன்னால் ஓரப்பலகையில் வெள்ளைச் சாரியில் இரண்டு பெண்கள் இருந்தார்கள், தாதிப் பயிற்சிக்குப் போகிறவர்கள் போல. அதில் ஒருத்தி கைப்பையிலிருந்து எடுத்தது சுழியன், நாலாவது இதழ்.

எனக்கு உள்ளுக்குள்ளே ஒரு சந்தோசம். நல்லாகத் திட்டட்டும், அதை அப்படியே துசாந்தினியிடம் போய்ச் சொல்லலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிட்டப் போனேன். என்னை யாருக்கும் தெரியாது. எழுத்தாளனின் முகத்தை யார் பார்த்தார்கள்.

வெள்ளப் பக்கங்கள் வந்தன. முதலாவதைத் திருப்பியதுமே பக்கத்தில் இருந்தவள் தோளில் இடித்தாள்.

"கிருஷாந்தினி, இதில என்ன கிடக்கு. சுறுக்காத் திருப்புகா."

நான் மனதுக்குள் கைதட்டினேன். ஆனால் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பொறுங்க புள்ள," என்றார். "படிக்குத் தண்ணி வந்திட்டு, பாருங்க."

கிருஷாந்தினி பொறுத்தாள். பிறகு மெல்லத் திருப்பினாள். தண்ணீர் படியை மூடியிருந்தது. மரக்கறிக் கூடையோடு நின்ற ஒரு பெண்ணும் வந்து குனிந்தாள். அடுத்த பக்கத்தில் தண்ணீர் வாசலுக்குள்ளே. அதற்கடுத்த பக்கத்தில் அடுப்படி. சுறுக்காத் திருப்பச் சொன்னவளும் இப்போது குனிந்து பார்த்தாள். கிருஷாந்தினி ஒவ்வொரு தாளையும் ஓரத்தில் பிடித்து, திருப்பலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவள் போல வைத்திருந்தாள். திருப்பினால் தண்ணீர் ஏறிவிடும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

தண்ணீர் ஜன்னலுக்கு வந்த பக்கத்தில்தான் அதைப் பார்த்தேன். கிருஷாந்தினி படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் இரண்டு கால்களையும் பலகைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் கீழே கிடந்த பையை எடுத்து மடியில் வைத்தாள். மோட்டார் சைக்கிள்காரர் காலடியில் இருந்த பசளைப் பையைத் தூக்கி இருக்கையில் வைத்தார். கூடைக்காரி கூடையை இடுப்புக்கு ஏற்றினாள். ஒருவரும் ஒருவரைப் பார்த்துச் செய்யவில்லை. செய்தது அவர்களுக்கே தெரியாது என்று சத்தியம் பண்ணுவேன். வானத்தில் ஒரு முகில் இல்லை, பாதையின் தட்டு காய்ந்து கிடந்தது.

என் கையைப் பார்த்தேன். தோளில் தொங்கிய பையை நானும் நெஞ்சோடு தூக்கிப் பிடித்திருந்தேன்.

நாலு இதழாக எத்தனை வசனம் எழுதியிருப்பேன், ஒரு வசனத்துக்காவது யாராவது ஒரு விரலை அசைத்திருப்பார்களா?

"இஞ்ச, இது ஆள்," என்றாள் கிருஷாந்தினியின் சிநேகிதி.

ஒன்பதாவது பக்கத்தின் மேல் மூலையில் அவள் விரல் இருந்தது. நான் மை சிந்தியது என்று சொன்ன இடம். நெல்மணியளவு கறுப்பு. உற்றுப் பார்த்தால் மடித்துக் கட்டிய சாரன்.

கிருஷாந்தினி பின்னோக்கித் திருப்பினாள். எட்டாவது பக்கத்திலும் நின்றான், இன்னும் சின்னதாக. ஏழாவதிலும். ஆறாவதிலும். நாலு தலைகளும் ஒன்றாகக் குனிந்திருந்தன, ஐந்தாவது தலை என்னுடையது. முதலாவது பக்கத்தில், படிக்குத் தண்ணீர் வருவதற்கு முன்னமே, வட்டையின் கடைசித் தொங்கலில் ஊசி குத்தினது போல ஒரு புள்ளி.

"அவன் அப்பவே வெளிக்கிட்டுட்டான்," என்றார் மோட்டார் சைக்கிள்காரர்.

"வாறான் எண்டு இதுகளுக்குத் தெரியாதே, பாவம்," என்றாள் கூடைக்காரி. பரணில் இருந்த குடும்பத்தைச் சொன்னாள்.

பிறகுதான் கிருஷாந்தினி பத்தாவது பக்கத்தையும் தாண்டித் திருப்பினாள். இரண்டு பக்கத்தையும் நிறைத்துக்கொண்டு சுழியன், நெஞ்சளவு தண்ணீரில், வீட்டு வாசலில். கூடைக்காரி மூச்சை விட்டாள்.

அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. பலூன் போடச் சொல்லியிருக்கிறேனே. மூலத்தாளில். அதுவும் அந்த இடத்திலேயே.

கைபேசியை எடுத்து அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. கீறும்போது அவள் போனைக் குசினியில் வைத்துவிடுவாள், எனக்குத் தெரியும். மறுபடியும் அடித்தேன். பாதையோ அசைகிற மாதிரியே இல்லை. மண்டூர்க் கரை நின்ற இடத்திலேயே நின்றது. நீந்தத் தெரிந்திருந்தால் குதித்திருப்பேன்.

"கொஞ்சம் சுறுக்காப் போகேலாதா?" என்று பாதை ஓட்டுபவரிடம் கேட்டேன்.

"ஆறுதலா வாங்க தம்பி," என்றார் அவர். "கரை எங்கயும் போகாது."

கரையில் இறங்கி ஓடினேன். ஓட்டமென்றால் செருப்பு அறுந்த ஓட்டம். துசாந்தினியின் வீட்டு முன்னறையில் மேசையில் தாள்கள் அடுக்கியிருந்தன. அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"எழுதாத," என்றேன். மூச்சு வாங்கியது. "ஒண்டும் எழுதாத. பேனையை வை."

பேனையை வைத்தாள். ஒரு பக்கம் முடிந்திருந்தது, முதலாவது பக்கம். மேல் மூலையில் வட்டமாக வெள்ளை பூசி, அதற்குள்ளே அவளுடைய அழகான எழுத்தில் என் வசனம்: 'அஞ்சாதீர்கள் மக்களே! இதோ வருகிறான் சுழியன்!' சுழியன் அந்தப் பலூனுக்கு அடியில் இருந்தான். வசனத்தைப் படித்துவிட்டு என் காலைப் பார்த்தேன். அது பாட்டுக்குத் தரையில் கிடந்தது.

"ஏன் சொல்லல்ல?" என்றேன். "மை இல்ல, அது அவன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"நீங்கதான் சுழியனை உண்டாக்கினவர்," என்றாள். "உங்களுக்கே அவனைத் தெரியல்ல எண்டா, நான் கீறினது பிழை எண்டுதானே நினைப்பன்." அவள் கண் கலங்கவில்லை. கலங்கியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "இந்த இதழோட விடுவம் எண்டிருந்தன், அண்ணன். கீறுறத."

பாதையில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். படி, வாசல், அடுப்படி, ஜன்னல். கிருஷாந்தினி காலைத் தூக்கியதைச் சொன்னேன். பசளைப் பையைச் சொன்னேன். "அவன் அப்பவே வெளிக்கிட்டுட்டான்" என்பதைச் சொன்னபோது துசாந்தினி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்தப் பெட்டை காலைத் தூக்கினவவா?" என்று பிறகு கேட்டாள்.

"ரெண்டு காலையும்."

அவள் பழுதான பக்கத்தைப் பார்த்தாள். "இதத் திரும்பக் கீறலாம்," என்றாள். "அதே மாதிரி வராது. ஆனா கீறலாம்."

"கீறு," என்றேன். "அதுக்கு முன்னுக்கு இன்னொரு பக்கமும் கூட்டு. இன்னும் தூரத்தில இருந்து அவன் வெளிக்கிடட்டும்."

"இன்னும் தூரமெண்டா புள்ளியும் தெரியாது, அண்ணன்."

"தெரியாட்டிக் காரியமில்ல."

"தேத்தண்ணி ஆறிப்போகும்," என்றாள், சிரிக்காமல்.

"ஆறட்டும்."

அவள் புதுத் தாளொன்றை எடுத்து மேசையில் விரித்து, தூரிகையைத் தண்ணீரில் நனைத்தாள். மழையில்லாத ஒரு வட்டையைக் கீறினாள், அதற்குக் குறுக்கே முதல் தண்ணீர்க் கோட்டை மெல்ல இழுத்தாள். நான் பக்கத்துக் கதிரையில் குந்தி, இரண்டு காலையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டேன்.