ஏரியல் பே ஏற்றத்தில் ஒரு பேட்டரி வண்டி

1.

இந்தக் கதை என் மேலதிகாரியின் உத்தரவில் பிறந்தது. மறைத்து என்ன பயன்? "எரிபொருள் சிக்கனம், புகைக் குறைப்பு பற்றி ஆண்டு மலருக்கு ஒரு கதை வேண்டும், தமிழ்க்காரர் நீங்கள் எழுதுங்கள்" என்று போனில் சொன்னார். தமிழ்க்காரர் என்றால் கதை எழுதுவார் என்று யாரோ அவரிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். அப்போது நான் திக்லிபூர் பெட்ரோல் பங்கில், ஆபீஸ் ஜீப்புக்காக டீசல் வரிசையில் கேனோடு நின்றுகொண்டிருந்தேன். சிக்கனத்தைப் பற்றி யோசிக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

2.

முதல் வரிகள்:

நீலக்கடல் சூழ்ந்த எழில்மிகு வடக்கு அந்தமானில், 2014ஆம் ஆண்டு ஒரு… [சுற்றுலா விளம்பரம். விட்டுவிட்டேன்.]

புவி வெப்பமடைந்துகொண்டிருக்க, ஒரே ஒரு பெண் மட்டும்… [இதை அந்தப் பெண் படித்தால் என்னைச் சும்மா விடமாட்டார்.]

எண்ணெய்க் கப்பல் வரவில்லை.

இது போதும். இங்கே பாதிக் கதைகள் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன.

3.

கப்பல் லேட் என்று செய்தி வந்தால் திக்லிபூரில் யாரும் யோசிப்பதில்லை. கை தானாகக் கேனை எடுக்கும், கால் தானாகப் பங்குக்குப் போகும். அன்று எனக்கு முன்னால் நின்றவர் தமிழரசி. கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். சுனாமிக்குப் பின் குடும்பத்தோடு இங்கே வந்து, எட்டு வருடம் டீசல் ஆட்டோ ஓட்டினார். போன மாதம் அதை விற்றுவிட்டு, ஊரின் முதல் பேட்டரி வண்டியைக் கப்பலில் வரவழைத்திருந்தார்.

மூன்று மணி நேரம் நின்றோம். அப்புறம்தான் ஸ்டாண்டில் சவாரி ஜீப் ஓட்டும் பன்னீர்செல்வம் பின்னாலிருந்து கேட்டார்.

"அரே அக்கா, ஒங்க வண்டில டீசல எங்க ஊத்துவீங்க?"

தமிழரசி வரிசையைப் பார்த்தார். கேனைப் பார்த்தார். "ஐயையோ! வண்டிய சார்ஜுல போடாம வந்துட்டேனே!"

விஷயம் இந்தியில் பின்னால் போகப் போக, வங்காளிகளும் தெலுங்கர்களும் தவணை முறையில் சிரித்தார்கள். [நானும் சிரித்தேன். கதாசிரியன் சிரிக்கக் கூடாது என்று விதி இல்லை.]

4.

எனக்கு ஒரு சந்தேகம். அந்தமானில் கரண்ட் பெரும்பாலும் டீசல் எந்திரத்திலிருந்துதான் வருகிறது. அப்படியானால் பேட்டரி வண்டியும் புகை விடுகிறது, என்ன, கொஞ்சம் தள்ளி நின்று விடுகிறது. இந்தப் பத்தியை அடித்துவிடலாமா என்று தமிழரசியிடமே கேட்டேன்.

"எதுக்கு அடிக்கிறீங்க? மழ பேஞ்சா கல்பொங் ஆத்துல கரண்ட் எடுக்குறாங்க. அப்ப என் வண்டிய ஆறுதான் ஓட்டுது. வெயில் காலத்துல டீசல்தான். பாதி நல்லதுன்னு எழுதுங்க சார். பூரா நல்லதுன்னு எழுதினா ஸ்டாண்டுல சிரிப்பாங்க."

அந்த ஸ்டாண்டுதான் அவர் பிரச்சினை. ஜீப்காரர்கள் அவருக்கு இடம் தரவில்லை. "ஏரியல் பே ஜெட்டிக்குப் போற ஏத்தத்துல ஆள ஏத்திட்டுப் போயி, ஒரு தடவ கப்பலப் புடிச்சுக் காட்டுங்க. அப்பறம் பாக்கலாம்" என்று சொன்னவர் இதே பன்னீர்செல்வம். ஸ்டாண்டில் இடம் இல்லையென்றால் சவாரி இல்லை. சவாரி இல்லையென்றால் வண்டி துணி காயப்போடத்தான் உதவும்.

5.

வரிசையில் நின்ற அன்று மதியமே பன்னீர்செல்வத்துக்குப் போன் வந்தது. போர்ட் பிளேரில் மனைவிக்குப் பிரசவ வலி. ஏரியல் பேயிலிருந்து இரண்டு மணிக்குப் பயணிகள் கப்பல், அதை விட்டால் நாலு நாள் கழித்துத்தான். பஸ்ஸில் டீசல் இல்லை, அவர் ஜீப்பிலும் இல்லை. ஊரில் ஓடக்கூடிய வண்டி ஒன்றே ஒன்று, அதிலும் பாதி சார்ஜ்.

"சலோ, ஏறுங்க. ஜல்தி!" என்றார் தமிழரசி.

நானும் ஏறினேன், கதை வேண்டுமே. உள்ளூர் மணத்துக்காக ஒரு பாக்கு மூட்டையையும் ஏற்றினேன். கடைசி இருக்கையில் நீங்கள்.

எட்டு கிலோமீட்டர் சத்தமே இல்லாமல் போனோம். பதினைந்து வருடமாக அதே ரோட்டில் ஜீப் ஓட்டியவர் வெளியே தலையை நீட்டி, "இங்க கிளியெல்லாம் கத்துதா?" என்று கேட்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது அப்போதுதான்.

பிறகு ஏற்றம் வந்தது. பாதியில் வண்டி நின்றது. கீழே ஜெட்டியில் கப்பல் முதல் முறை ஊதியது.

6.

முடிவு (அ): வண்டி சிட்டாக ஏறுகிறது, மேலதிகாரி கைதட்ட, சுற்றுச்சூழல்… [மலருக்கு இது போதும். உங்களுக்குப் போதாது.]

முடிவு (ஆ): கப்பல் வழக்கம்போல லேட். இந்தத் தீவில் இதைவிட நம்பும்படியான முடிவு கிடையாது. ஆனால் தமிழரசி ஒப்பவில்லை. "அப்ப கப்பல் என்னயக் காப்பாத்துனதா ஆயிரும். என் வண்டி ஏறணும் சார்."

சரி. பாக்கு மூட்டையைக் கதையிலிருந்து அடித்துவிட்டேன். வண்டி ஓர் அடி நகர்ந்தது. நான் இறங்கினேன், இன்னும் நாலடி. பன்னீர்செல்வம் குதித்து, பின்னால் தோள் கொடுத்தார்.

"தள்ளுனா ஒத்துக்க மாட்டீங்களே?" என்று தமிழரசி முன்னாலிருந்து கத்தினார்.

"என் ஜீப்பயே மழைல இங்க நாலு பேரு தள்ளிருக்கோம்கா! ஏறுனா ஏறுனதுதான். ஸ்டாண்டுல எடம் ஒங்களுது!"

உச்சிக்குப் பத்தடி இருக்கிறது. கப்பல் இரண்டாம் முறை ஊதுகிறது. சக்கரம் முன்னும் பின்னும் ஆடுகிறது. எழுத ஒரு கை, தள்ள ஒரு கை என்றால் வேலைக்கு ஆகாது. பேனாவைச் சட்டைப்பையில் போடப்போகிறேன். அதற்குள் தமிழரசி கண்ணாடியில் கடைசி இருக்கையைப் பார்த்துவிட்டார்.

"அங்கயே ஒக்காந்து படிச்சுக்கிட்டு இருக்கீங்களே… கொஞ்சம் எறங்குறீங்களா?"