கேட்காத ஏழு நிமிடம்

1

இந்தக் கதை என்னுடையதில்லை. முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். ஆர்.எஸ்.புரத்து பேக்கரி ஒன்றில், தேங்காய் பன்னைத் தொடாமலே வைத்துக்கொண்டு ரெபேக்கா சொன்னது. நானும் அவளும் ஒரே கல்லூரி. நான் தமிழ்த்துறை, அவள் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் கட்டுரை எழுதக் கற்றுத்தருகிறாள். கொங்குப் பேச்சில் கதை எழுதுகிறவன் என்று எனக்குக் கொஞ்சம் பெயருண்டு. உரையாடல் அச்சு அசலாக இருக்கிறதென்று நாலு பேர் சொல்லிவிட்டார்கள். அதனால் வந்த வினை. அவள் யோசனை கேட்கத்தான் வந்தாள். நானோ, கதையாக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். புத்தி அப்படி.

"எழுதிக்கோங்க சார். நான் என்ன பண்றதுன்னு மட்டும் கடைசியில சொல்லீருங்க," என்றாள்.

2

முதல் தொடக்கம்: வெள்ளகோவில் பேருந்து நிலையத்தில் ரெபேக்கா இறங்கியபோது வெயில்

[வேண்டாம். எங்கள் பக்கத்துக் கதைகள் எல்லாமே வெயிலில்தான் இறங்குகின்றன.]

இரண்டாவது: குழந்தையம்மாள் கருத்து மெலிந்து, உழைத்துக் காய்த்த

[இதுவும் வேண்டாம். நான் அவளைப் பார்த்ததே இல்லை.]

மூன்றாவது, சுமாராகத் தேறும்: ரெபேக்கா ஐந்து வருடமாக ஒரு முனைவர் பட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். வெள்ளகோவில் சுற்றுவட்டாரத்தில் பண்ணைக் கூலிக் குடும்பங்கள் பேசும் தமிழ்தான் ஆய்வு. வரும் திங்கட்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாகவேண்டும். தவறினால் ஜூன் மாதத்துக்குமேல் வேலை நீடிக்காது. அவளுடைய தாத்தாவும் காங்கயம் பக்கம் பண்ணையத்தில் கூலிக்கு இருந்தவர்தான். ஆனால் அவள் வளர்ந்த வீட்டில் தேவாலயத்துப் பிரசங்கத் தமிழ்தான் பேசினார்கள். அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளவே இந்தத் தலைப்பை எடுத்தாள்.

வகுப்பில் அவள் ஓயாமல் சொல்வது: "உங்க சொந்தக் குரல்ல எழுதுங்க." போன மாதம் யுவஸ்ரீ என்ற பெண் எழுந்து கேட்டாளாம்: "எதுல மேம்? ஊட்டுல ஒரு பேச்சு, ஹாஸ்டல்ல ஒண்ணு, உங்ககிட்ட ஒண்ணு." வகுப்பே சிரித்தது. ரெபேக்காவும் சிரித்துச் சமாளித்தாள்.

3

குழந்தையம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். தோட்டவேலையை விட்டு விசைத்தறிக்குப் போய் ஆறு வருடமாகிறது. அவளிடம் மட்டும் ரெபேக்கா பதினொரு மணி நேரம் பதிவு செய்திருந்தாள். ஆய்வேட்டின் பாதி அவள் வாய்ப்பேச்சுதான்.*

* 'அவள்' என்றே எழுதிவருகிறேன். என் அம்மாவைப் பற்றி எழுதினால் 'அவர்' என்றுதான் கை போகும். இப்போதுதான் கவனிக்கிறேன். திருத்தினால் நல்லவனாகிவிடுவேனா? அதுவும் சந்தேகம்தான். இருந்தாலும் திருத்திக்கொள்கிறேன்.

பதிவைப் பேசியவரிடமே போட்டுக்காட்டிச் சரிபார்ப்பது அவர்கள் ஆய்வில் வழக்கம். சாப்பாட்டு நேரத்தில் தறிகள் நின்றிருக்க, ரெபேக்கா மடிக்கணினியைத் திறந்து ஓடவிட்டாள். பழக்கதோஷத்தில் கைபேசியிலும் ஒரு பதிவைத் தொடங்கிவைத்தாள். குழந்தையம்மாள் கூச்சத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் தூக்குப்போசியைத் திறந்துகொண்டிருந்த, உடன் தறி ஓட்டும் மாசாணியம்மாள் சோற்றை விட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஏனக்கா, தோட்டத்து அம்மணியாட்டவே பேசிவெச்சிருக்கறே! நீ என்னைக்குக்கா இப்படிப் பேசுனே?"

தோட்டத்து அம்மணி என்றால் நிலக்காரர் வீட்டு அம்மா. ரெபேக்கா மடிக்கணினியை நிறுத்தினாள்.

குழந்தையம்மாள் ரெபேக்காவிடம் திரும்பினார். "நீங்க கோயமுத்தூர்ல இருந்து வாரீங்க, பொஸ்தகத்துல வேற போடறேங்கறீங்க. ஊட்டுக்கு வந்தவிங்களுக்கு நல்ல டம்ளர்லதானுங்களே காப்பி குடுக்கோணும்? அந்த மாதிரித்தானுங்க."

பிறகு மாசாணியம்மாள் தோட்டத்து அம்மணி நடப்பதுபோல் நடந்துகாட்ட, குழந்தையம்மாள் அந்த அம்மணி ஆட்களைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட, இரண்டு பேரும் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஏழு நிமிடம். அவர்கள் பேசியது:

"

[இங்கே வரவேண்டியதை என்னால் எழுத முடியவில்லை. அந்தப் பேச்சு எனக்குத் தெரியாது.]

சிரித்து ஓய்ந்தபோதுதான் குழந்தையம்மாள் கைபேசியைப் பார்த்தார்.

"அது ஓடுதுங்களா?"

"ஆமாங்கக்கா."

"அழிச்சுப்போடு கண்ணு. நாங்க குடியிருக்கறது தோட்டத்துக்காரவிங்க எடத்துல. பட்டாவும் இன்னும் வரல. அவிங்க காதுல உழுந்துதுன்னா அன்னைக்கே ஊட்டெக் காலிபண்ணச் சொல்லிப்போடுவாங்க."

"சரிங்கக்கா," என்றாள் ரெபேக்கா. அழிக்கவில்லை.

4

என் பங்கையும் சொல்லிவிடவேண்டும். இரண்டு மாதத்துக்கு முன் அந்தப் பதினொரு மணி நேரப் பேச்சின் எழுத்துவடிவத்தை ரெபேக்கா என்னிடம்தான் சரிபார்க்கக் கொடுத்தாள். நான் ஒரே மூச்சில் படித்துவிட்டு, "பிரமாதம்மா! எங்க வீட்டுல பேசற மாதிரியே இருக்கு," என்றேன்.

எங்கள் வீட்டுக்கு நாற்பது ஏக்கர் தோட்டம் இருந்தது.

அப்போது அவளுக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. இப்போது இந்தக் கதையில் குழந்தையம்மாள் பேசும் வரிகளைத் திரும்பப் படிக்கிறேன். எல்லாம் என் வீட்டுப் பேச்சு. என்னிடமும் நல்ல டம்ளரைத்தான் எடுத்து நீட்டியிருக்கிறார். வெட்கமாக இருக்கிறது.

5

முடிவுகள்:

(அ) ரெபேக்கா ஏழு நிமிடத்தையும் ஆய்வேட்டில் சேர்க்கிறாள். பட்டம் கிடைக்கிறது. குழந்தையம்மாளின் வீடு

(ஆ) அழித்துவிடுகிறாள். பதினொரு மணி நேரத்தை அப்படியே கொடுக்கிறாள். எவருக்கும் தெரியப்போவதில்லை. நான்தான் சான்று சொல்லியிருக்கிறேனே.

(இ) உண்மையை எழுதுகிறாள்: 'இது கூலிக்காரர் பேச்சு இல்லை, விருந்தாளிக்காகப் பேசிக்காட்டிய பேச்சு.' ஆய்வேடு திங்களுக்குள் முடியாமல் வேலை போகிறது, மனசு நிம்மதியாகிறது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. நேற்று ரெபேக்காவிடம் தொலைபேசியில் படித்தும் காட்டினேன்.

"நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா வேலை போறது எனக்கில்லீங்களா?"



6

இன்று ஞாயிறு, மதியம் மூன்று மணி. சற்றுமுன் ரெபேக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஏழு நிமிட ஒலிக்கோப்பு ஒன்று வந்தது. கீழே செய்தி: "எனக்கு ஒண்ணுமே புரியல சார். அழிக்கவும் கை வரல, வெச்சுக்கவும் முடியல. நீங்களே கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

குழப்பத்தில் யாருக்கு அனுப்புகிறோம் என்று அவள் யோசித்திருக்க மாட்டாள். எந்த மாதிரி வீட்டுக்காரர் காதில் விழக்கூடாது என்று குழந்தையம்மாள் பயந்தாரோ, அந்த மாதிரி வீட்டுக்கே அது வந்து சேர்ந்துவிட்டது.

கேட்டால் மூன்றாம் பகுதியில் விட்ட இடத்தை நிரப்பிவிடலாம். இதுவரை எவரும் எழுதாத உரையாடல் என்று பேரும் கிடைக்கும். எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. பொய் சொல்வானேன்? கட்டைவிரலை இரண்டு முறை அந்தக் கோப்பின் பக்கத்தில் கொண்டுபோய்விட்டேன்.

அம்மா எதிர்க் கட்டிலில் படுத்திருக்கிறார். இப்போது கண் தெரிவதில்லை. காது மட்டும் கூர்மை. செய்தி வந்த சத்தம் கேட்டதிலிருந்து இந்தப் பக்கமே முகத்தை வைத்திருக்கிறார்.

"என்ன கண்ணு வந்துச்சு? சத்தமா வையி, நானுங் கேக்கறேன். பொழுதே போகமாட்டேங்குது."

வாசகரே, என்ன சொல்லட்டும்?