எட்டாவது முடிச்சு

அவளுடைய கொழுந்தன் படகுக்காரர் சங்கத்து மேசைமேல் கண்ணாடிப் பாட்டிலை ‘டொக்’கென்று வைத்தான். உள்ளே ஏரித் தண்ணீர் பச்சைப் பசேலென்று தளும்பியது.

“நல்லாப் பாத்துக்குங்க. பனி உருகி ஒன்றரை மாசம் ஆச்சு. பாசி அப்படியே நிக்குது, அதத் திங்க ஒரு இறால் குஞ்சு இல்ல. எங்க அண்ணன் கணக்குத் தப்பிப்போச்சு. இனிமே அந்த விதி எதுக்கு?”

சங்கத்தார் பன்னிரண்டு பேரும் எதிரே உட்கார்ந்திருந்த அவளைப் பார்க்காமல் பாட்டிலைப் பார்த்தார்கள்.

அந்த உப்பு ஏரியில் மீன் கிடையாது. விரல் நக அளவு இறால்தான். குளிர்காலத்தில் அதன் முட்டைகள் பழுப்புப் பட்டைகளாக மிதக்கும். படகுகள் வளைத்து அள்ளும். சங்கத்தின் பிழைப்பே அதுதான். அவள் கணவர் வாரம் ஒருமுறை தண்ணீர் மொண்டு முட்டைகளை எண்ணுவார். எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே போனால் அன்றே படகுகள் கரையேற வேண்டும், மிச்ச முட்டை, பனி உருகியதும் பொரிய, ஏரிக்கு. இதுதான் விதி. போன குளிரில் வழக்கத்துக்கு மூன்று வாரம் முன்பே நிறுத்தச் சொன்னார். நான்காம் நாள் அவர் மூச்சும் நின்றுவிட்டது. செத்தவரிடம் யாரும் கோபப்பட முடியவில்லை. கோபமெல்லாம் விதிமேல் திரும்பியது.

விதி போனால் இரண்டே குளிரில் ஏரி துடைத்துப் போட்டதுபோல் ஆகிவிடும். அவர் இல்லாததை அவள் எப்படியோ தாங்கிக்கொண்டிருந்தாள். அவர் சொன்னது தப்பு என்பதைத் தாங்க அவள் தயாராக இல்லை.

“பாட்டில இந்தப் பக்கம் தள்ளு தம்பி,” என்றாள்.

விரலை விட்டு நாக்கில் வைத்தாள். நடு ஏரித் தண்ணீர் என்றால் நாக்கு சுருண்டுவிடும். இது யாரோ உப்புப் போட மறந்த சூப்பு மாதிரி இருந்தது.

“எங்க மொண்ட?”

“எங்கன்னா? ஏரியிலதான்.”

“ஏரியில எங்க?”

“படகுத்துறையில. இன்ஜின் படுத்துக்கிச்சு அண்ணி. எங்க மொண்டா என்ன, எல்லாம் ஒரே தண்ணிதானே?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குளிர்காலத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு.

“உங்க அண்ணன் இருந்திருந்தா இந்தப் பாட்டில உன் தலையில கவுத்திருப்பாரு. துறைக்குப் பக்கத்துல என்ன வந்து விழுது?”

“ஓடை.”

“இந்த வருஷம் அது கரை புரண்டு வருது. அங்க உப்பு பாதிதான். உப்பு கொறஞ்சா இவங்க குடிவந்துருவாங்க.” பாட்டிலுக்குள் துடுப்புப் போடுவதுபோல் காலசைத்த இரண்டு கறுப்புப் பூச்சிகளைக் காட்டினாள். “இறால் குஞ்ச இவங்க தின்னுட்டா, பாசியத் திங்க யாரு இருக்கா? பச்சையாத்தான் நிக்கும்.”

சங்கத் தலைவர் தாடையைச் சொறிந்தார். “அப்ப நடுவுல தெளிஞ்சிருக்குங்கிறீங்களா?”

“ஏழு முடிச்சு ஆழம் வரைக்கும் தட்டு தெரியும்.”

“என்னம்மா, பாக்காமயே அடிச்சுச் சொல்றீங்க!”

“கொறஞ்சா விதிய நானே கிழிச்சுப் போடறேன். உங்க படக எடுங்க.”

வீட்டுக்குப் போய்ச் சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து தட்டை எடுத்து வந்தாள். கல்யாணத்துக்கு வந்த ஆறு வெள்ளைப் பீங்கான் தட்டுகளில் ஒன்று. அவர்தான் நடுவில் ஓட்டை போட்டு, அடியில் இரும்புக் குண்டு கட்டி, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். ஓட்டை போட்ட அன்று முழுக்க அவரோடு அவள் பேசவில்லை. அதிலிருந்து அவருக்குப் பெயரே தட்டுக்காரர். இருபத்திரண்டு வருஷம் அவர் தட்டை இறக்கி, எத்தனை முடிச்சு வரை அது கண்ணுக்குத் தெரிகிறது என்று சொல்லச் சொல்ல, படகில் உட்கார்ந்து எழுதியவள் அவள்தான்.

கரையோரம் ஈக்கள் கறுப்புக் கம்பளமாக மொய்த்தன. கடலையே பார்த்திராத கடற்காகங்கள் வாயைப் பிளந்தபடி அவற்றுக்குள் ஓடின. துறையைத் தாண்டியும் தண்ணீர் பச்சையாகவே வந்தது. தலைவர் அவளை ஒருமுறை பார்த்தார். அவள் மடியில் தட்டோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

நடு ஏரிக்கு முன்பே நிறம் மாறத் தொடங்கியது. முக்குளிப்பான்கள் நூற்றுக்கணக்கில் மூழ்கி மூழ்கி எழுந்தன. “சும்மாவா முங்குது?” என்று தலைவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

படகில் கூட வந்திருந்த கொழுந்தன் கையில் அவள் தட்டைக் கொடுத்தாள். “நீயே இறக்கு. அப்புறம் என்னையச் சொல்லக் கூடாது.”

“ஒண்ணு… ரெண்டு…” நாலாவதில் அவன் குரல் தாழ்ந்தது. வெயிலில் தூசி மிதப்பதுபோல் இறால்கள் தட்டுக்கு மேலே ஆயிரமாயிரமாய்க் குறுக்கே போய்க்கொண்டிருந்தன. “அஞ்சு… ஆறு… ஏழு.”

தட்டு இன்னும் தெரிந்தது.

“கயிறு பத்தல அண்ணி.”

அந்தக் கயிற்றில் ஏழு முடிச்சுக்கு மேல் எந்த வருஷமும் தேவைப்பட்டதில்லை. அவர் விட்டுவைத்த முட்டை எல்லாம் பொரிந்து, குஞ்சுகள் பாசியை மேய்ந்து தீர்த்திருந்தன. இதைப் பார்க்க அவர் இல்லை.

கொழுந்தன் நிமிரவில்லை. “தப்பு என்னுதுதான் அண்ணி. அண்ணன அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

“துறையில மொண்டதுதான் தப்பு. இனிமே நடுவுல வந்து மொள்ளு.”

“விதி அப்படியே இருக்கட்டும்,” என்றார் தலைவர். “ஆனா எண்ணுறதுக்கு ஆள் வேணுமே?”

“ஆள் உங்க எதிர்லதான உக்காந்திருக்கு? வர்ற குளிர்ல நிறுத்துன்னு நான் சொன்னா, அன்னிக்கே படகு கரைக்கு வரணும். உங்க படகுதான் முதல்ல.”

தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். “தட்டுக்காரரே தேவல!”

அவள் படகின் ஓரத்தில் கிடந்த துண்டுக் கயிற்றை எடுத்தாள். கொழுந்தன் நுனியைப் பிடித்துக்கொள்ள, அதைப் பழைய கயிற்றோடு சேர்த்து இறுக்கி, ஒரு முழம் அளந்து எட்டாவது முடிச்சைப் போட்டாள்.

“இப்ப இறக்கு,” என்றாள்.