கருஞ்சிவப்புக் கல்

வியேசெக் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கினான். பன்றிக் கொழுப்பு தடவிய ரொட்டியை ஒரு கடி கடித்தான். மென்றுகொண்டே மறுபடி தூரிகையை வாயில் விட்டான். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் போலந்தின் ராதொம் நகரில், இந்தப் பொம்மைப் பட்டறையில் எல்லோரும் அப்படித்தான். கட்டைவிரல் உயரப் போர்வீரன் பொம்மைக்குப் புருவம் தீட்ட, நுனி ஒற்றை முடிபோலச் சேர வேண்டும். அதற்கு எச்சில்தான். மூன்று வாரத்தில் நானும் பழகிவிட்டேன்.

அதற்குமுன் பதினோரு வருடம் பன்றி வெட்டும் கூடத்தில் தலைகளைக் கொக்கியில் மாட்டினேன். தோள் போனது. அந்த வாடை மட்டும் நகத்தடியிலிருந்து போகவில்லை. இங்கே வேலை நிலைக்காவிட்டால் குடல் கழுவும் தொட்டிக்குத்தான் திரும்ப வேண்டும்.

வியாழனன்று முதலாளியம்மா பொஷெனா என் பொம்மையை விளக்கடியில் பிடித்தார். வாள்பிடியில் நான் தீட்டிய ஒரு கருஞ்சிவப்புக் கல்.

"இது கல்லா ஸெனோன், கோட்டுப் பட்டனா?"

"கறுப்பு வச்சு, அடியில சிவப்பு வச்சு, மேல வெள்ளைப் புள்ளி வச்சேன் பொஷெனாம்மா. நீங்க சொன்னபடிதான்."

"அண்ணனுக்குப் பன்னி மேல முத்திரை குத்தித்தான் பழக்கம்," என்றான் வியேசெக். "கல்லுலயும் குத்திட்டாரு."

"ஆழம் வேணும். உள்ள எட்டிப் பாக்கத் தோணணும். ஜெர்மன்காரன் நாப்பது வீரன் கேட்டிருக்கான், ஆளுக்கு ஆறு கல்லு. நாளைக்கு ஒண்ணாவது ஒழுங்கா வரலன்னா, பழைய இடத்துக்கே போயிடுங்க."

மறுநாள் காலை கல்லைச் சுரண்டிவிட்டுக் கறுப்பு பூசினேன். ஈரக் கறுப்பைப் பார்த்ததும் தூரிகையைக் கீழே வைத்தேன். எனக்குத் தெரிந்த கறுப்பு அது. கொக்கியில் மாட்டும்போது பன்றித் தலையில் கண் திறந்தே இருக்கும். மேலே வெறும் இருட்டு, அதில் கூரை விளக்கு ஒரு வெள்ளைத் துளி. வெளிச்சம் உள்ளே இறங்கி, எதிர்ப்பக்கம் அடியில் தேங்கி நிற்கும். அங்கே ரத்தம் கட்டிய மெல்லிய பிறை. சற்று நேரத்தில் காய்ந்து மங்கிவிடும். மங்குவதற்கு முந்தைய கண்ணை அப்படியே கல்லில் வைத்தேன். ஒருமுறைகூடத் தூரிகையை வாயருகே கொண்டுபோகவில்லை. மேலே பளபளப்பு வார்னிஷ் தொட்டுவிட்டு, வெளியே போய்த் துப்பினேன்.

முதலாளியம்மா வெகுநேரம் பார்த்தார்.

"நம்மளையே பாக்குதுய்யா," என்றார். முகம் மலர்ந்திருந்தது. "நீங்க இங்கயே இருங்க. இன்னும் இருநூத்து முப்பத்தொம்பது, இதே மாதிரி."

உட்கார்ந்து அடுத்ததைத் தொடங்கினேன். பிறையிடம் வந்தபோது தூரிகை நுனி பிரிந்தது. இரண்டு முறை நீரில் அலசினேன். சிவப்பு முழுக்கப் போகவில்லை.

"வாயில வச்சுக் கூராக்குங்க," என்றார் முதலாளியம்மா, தோளுக்குப் பின்னாலிருந்து. "பெயிண்ட் காயுது."

"என்னுது வேணுமாண்ணே? இப்பத்தான் நக்கினேன்," என்றான் வியேசெக்.

பிடித்துத் தீட்டத் தக்கைகளில் ஒட்டிய நாற்பது வீரர்கள் நின்றிருந்தார்கள். முதல் வீரனின் வாள்பிடியில் வார்னிஷ் இன்னும் காயவில்லை. என் வெள்ளைப் புள்ளிக்குப் பக்கத்தில் கூரை விளக்கும் ஒரு துளியாக நின்றது. நான் தூரிகையை உயர்த்தி வாயைத் திறந்தேன்.